பகடையும் கடிகாரமும்: ரோக்லைக் ஷூட்டர்களில் அதிர்ஷ்டத்தின் விலை

ஒவ்வொரு முறையும் புதிதாக அமைந்து, இறந்தால் முதலிலிருந்து தொடங்க வைக்கும் சுடும் ஆட்டங்களான ரோக்லைக் ஷூட்டர் விளையாட்டுகளில் தோற்றவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: நல்ல துப்பாக்கி கிடைக்கவில்லை. மன்னார்குடியில் இருக்கும் என் சித்தப்பா மகன் விடுமுறைக்குக் கும்பகோணம் வரும்போதெல்லாம், "அண்ணே, கேமு வேணும்னே நம்மள ஏமாத்துதுண்ணே" என்று முறையிடுவான். அவன் சொல்வதை நான் முழுவதும் தள்ளிவிடுவதில்லை. எனினும், பகடை, அதாவது எது கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் தற்செயல், தவறாக விழுவதால் ஒருவருக்கு எவ்வளவு இழப்பு என்பதைப் பகடை தீர்மானிப்பதில்லை; விளையாட்டின் கடினம் எதை வைத்து, எவ்வளவு வேகத்தில் உயர்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. இவ்விரண்டையும் தனித்தனியே வைத்துப் பேசுவதால்தான் எங்கள் வீட்டு வாதங்கள் முடிவுக்கு வருவதில்லை.

இந்த வகைக்குப் பெயர் தந்த 'ரோக்' 1980இல் வெளிவந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும் நிலவறை, இறந்தால் முதலிலிருந்து தொடக்கம் என்ற இரு விதிகளும் அங்கிருந்து வந்தவை. ஆனால் அதில் ஆட்டக்காரர் அடுத்த அடியை எடுத்து வைக்கும் வரை எதிரி காத்திருப்பான். என்ன கிடைத்தது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று எவ்வளவு நேரமும் யோசிக்கலாம். 2011இல் வந்த 'த பைண்டிங் ஆஃப் ஐசக்', 2015இல் வந்த 'நியூக்ளியர் த்ரோன்' போன்றவை அதே விதிகளைச் சுடும் ஆட்டத்துக்குக் கொண்டுவந்தபோது அந்த அவகாசம் போய்விட்டது. கையின் வேகமும் பகடையும் ஒரே நொடியில் கலந்துவிடுவதால், தோற்றவருக்குத் தன்னைத் தோற்கடித்தது இவற்றில் எது என்று பிரித்துப் பார்ப்பது கடினமாகிறது. இந்த வகையில் பார்க்கும் மனக்குறைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

2016இல் வெளிவந்த 'என்டர் த கன்ஜன்' விளையாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில் முதன்மையான தளங்கள் ஐந்து. வழக்கமாகத் தளத்துக்கு ஆயுதமோ பொருளோ தரும் இரண்டு பெட்டிகள். கடையையும் தளத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸ் தரும் பரிசையும் சேர்த்துப் பார்த்தாலும், ஒரு ரன்னில், அதாவது தொடக்கம் முதல் சாவு அல்லது வெற்றி வரையிலான ஓர் ஆட்டத்தில், பகடை உருளும் தருணங்கள் குறைவு. குறைவாக உருட்டினால் விளைவுகள் அகலமாகச் சிதறும் என்பது எளிய நிகழ்தகவு. ஆகவே ஒருநாள் இரண்டாம் தளத்திலேயே அசுரத் துப்பாக்கி கையில் இருக்கும், இன்னொரு நாள் நான்காம் தளத்திலும் தொடக்கத் துப்பாக்கியையே நம்ப வேண்டியிருக்கும். இருந்தும் இந்த விளையாட்டை நான் நியாயமானதாகவே கருதுகிறேன். கடினம் தளத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, கடிகாரத்தோடு கட்டப்படவில்லை. மெதுவாக, கவனமாக ஆடுபவரை யாரும் துரத்துவதில்லை. உருண்டு விலகும் அசைவைச் சரியான கணத்தில் செய்தால் தோட்டா மேலே பட்டும் காயம் ஏற்படாது. ஒரு பாஸை அடிபடாமல் வீழ்த்தினால் உயிரளவைக் கூட்டும் தோட்டா ஒன்று பரிசாகக் கிடைக்கும். பகடை கைவிட்டாலும் விரல்கள் ஈடுகட்ட வழி இருக்கிறது என்பதே இதன் பொருள்.

'ரிஸ்க் ஆஃப் ரெயின் 2' இதற்கு நேர்மாறானது. 2019இல் முன்னோட்டப் பதிப்பாகவும் 2020இல் முழுமையாகவும் வந்த இந்த விளையாட்டில், திரையின் வலப்பக்க மேல்மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்; அதனோடு எதிரிகளின் பலமும் பெட்டிகளின் விலையும் ஏறும். கடின நிலைகளுக்கு ட்ரிஸில், ரெயின்ஸ்டார்ம், மான்சூன் என்று பெயர். நடுநிலையான ரெயின்ஸ்டார்மை 100 என்று வைத்துக்கொண்டால், ட்ரிஸிலில் அந்த ஏற்றம் 50 ஆகவும் மான்சூனில் 150 ஆகவும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இந்த வரிசையில் ஆட்சேபம் ஏதும் இல்லை.

இவ்வளவு இரக்கமற்ற கடிகாரம் இருந்தும் ஆட்டக்காரர்கள் ஏன் இதை விட்டு ஓடவில்லை என்ற கேள்விக்கு விடை பெட்டிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. சாதாரணச் சிறு பெட்டியில் மிக அரிய சிவப்புப் பொருள் கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம். 40 பெட்டிகள் திறந்தாலும் ஒரு சிவப்புகூட வராமல் போவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. ஆனால் ஆட்டம் தாக்குப்பிடிப்பது சிவப்புப் பொருளால் அன்று. அடிக்கடி கிடைக்கும் சாதாரண வெள்ளைப் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. மும்மடங்கோ நான்மடங்கோ பகடை உருளும்போது நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. அதற்கும் மேல், வேண்டாத பொருளைக் கொடுத்து வேண்டியதைப் பெறும் அச்சு எந்திரங்கள் வழியில் இருக்கின்றன. கண்ணாடி என்ற பொருள் ஒன்றுக்கு 10 சதவீதம் என்று, கூடுதல் சேதம் தரும் முக்கிய அடியின் வாய்ப்பு கூடுவதால், பத்து கண்ணாடிகள் சேர்ந்தால் ஒவ்வொரு அடியும் முக்கிய அடியாகிவிடும்; பகடை அங்கே ஓய்வு பெறுகிறது. அடியைத் தடுக்கும் கரடி பொம்மையிலோ முதலாவது ஏறத்தாழ 13 சதவீதம் தந்தாலும் பத்து சேர்ந்தால் 60 சதவீதம்தான். எத்தனை சேர்த்தாலும் நூறைத் தொடாது. ஒன்றை முழுமையடைய விட்டு, மற்றதை விடாமல் நிறுத்திய இந்தக் கணக்கைப் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆட்டத்தின் ஒரு கட்டத்தில் ஐந்து நிமிடங்களுக்கு மேல் தங்கக்கூடாது என்றொரு வழக்கம் இதன் ஆட்டக்காரர்களிடையே உண்டு. கணக்கைப் பார்த்தால் அது பாதி உண்மைதான். நேரம் கடினத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டு போகிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்தைக் கடக்கும்போதும் அந்த மொத்தமும் 1.15 மடங்காகிறது. பெட்டிகளைத் திறக்காமல் அவசரமாக ஓடுபவர், நேரத்தை மிச்சப்படுத்திவிட்டு வெறுங்கையோடு பெருக்கலுக்குள் நுழைகிறார். கடிகாரம் கண்ணெதிரே தெரிவதால் அதன் மீதான பயம் அதன் உண்மையான அளவைவிடப் பெரிதாகிவிடுகிறது.

பகடை குறைவாக உருளும் ஆட்டத்துக்குக் கடினம் நிதானமாக ஏற வேண்டும்; கடினம் வேகமாக ஏறும் ஆட்டத்தில் பகடை அடிக்கடி உருள வேண்டும். சில கைபேசி ஷூட்டர்களில் ஆயுதம் மூன்று இடங்களில்தான் கிடைக்கும், எதிரியோ ஒவ்வோர் அறையிலும் தடித்துக்கொண்டே போவான். அவற்றைப் பற்றிச் சித்தப்பா மகன் சொல்வது முழுக்கச் சரி.

பகடை உருளும் வேளையும் முக்கியம். காவிரிப் படுகையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. பாசனத்துக்குத் திறக்கும் மரபான நாள் ஜூன் 12. மே மாதக் கடைசியில் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு, குறுவைக்கு நாற்று விடுவதா, குறுகிய வயது ரகத்தை நேரடியாக விதைப்பதா, குறுவையை விட்டுவிட்டுச் சம்பா மட்டும் செய்வதா என்று முடிவெடுக்கலாம். நீர் வராதது துன்பம்தான், ஆனால் அதற்குப் பிறகும் விவசாயியின் கையில் ஒரு முடிவு மிஞ்சுகிறது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்து வைத்திருக்கும்போது பெய்யும் மழைக்குப் பிறகு அப்படி ஒன்றும் மிஞ்சுவதில்லை. 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல்லைத் திரும்பக் காயவைப்பதைத் தவிர வழியில்லை. விளையாட்டு வடிவமைப்பாளர்கள் முதல் வகையை உள்ளீட்டுத் தற்செயல் என்றும் இரண்டாவதை வெளியீட்டுத் தற்செயல் என்றும் பிரிக்கிறார்கள். அறைகளின் அமைப்பு, பெட்டியில் இருப்பது, கடையில் விற்பது ஆகியவை முதல் வகை. குறி வைத்துச் சுட்ட பிறகு பட்டதா இல்லையா என்று பகடை சொல்வது இரண்டாம் வகை. நல்ல ஷூட்டர்கள் இரண்டாம் வகையை ஆட்டக்காரருக்குச் சாதகமான இடங்களில் மட்டும் வைக்கின்றன. மேலே சொன்ன கரடி பொம்மையும் இரண்டாம் வகைதான். ஆனால் அது எப்போதாவது காப்பாற்றும் பொருள் என்பதால் அதைப் பற்றி யாரும் முறையிட்டு நான் கேட்டதில்லை.

2021இல் பிளேஸ்டேஷன் 5க்கு வந்த 'ரிட்டர்னல்' இந்த இடத்தில் துணிச்சலானது. அதில் கிடைக்கும் ஒட்டுண்ணிகள் ஒவ்வொன்றும் ஒரு நன்மையும் ஒரு தீமையும் சேர்ந்தவை. இரண்டையும் எடுப்பதற்கு முன்பே படித்துவிடலாம். அடிபடாமல் மூன்று எதிரிகளை வீழ்த்தினால் ஆட்டக்காரரின் உத்வேக அளவு ஒரு படி ஏறும், ஐந்து படிகள் வரை போகும், ஒரே அடியில் அனைத்தும் போய்விடும். திறமைக்கு உடனடிக் கூலி தரும் ஏற்பாடு இது. ஆனால் வெளியானபோது பாதியில் நிறுத்தி வைக்கும் வசதி இல்லாமல் வந்தது, அக்டோபர் மாதப் புதுப்பிப்பில்தான் அது சேர்ந்தது. மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊர்களில் இருப்பவர்களுக்கு, ஆட்டத்துக்கு வெளியேயும் ஒரு பகடை உருண்டுகொண்டிருந்தது.

மறைமுகமாகக் கடினத்தைத் திருத்தும் முறைகளை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. 2008இல் வந்த 'லெஃப்ட் 4 டெட்' ஆட்டக்காரர்களின் நெருக்கடியை அளந்து, எதிரிகளின் அலைக்குப் பின் ஓய்வு கொடுத்தது. அது நன்றாகவே இருந்தது, ஏனென்றால் அங்கே யாருடைய ஈட்டமும் பறிக்கப்படவில்லை. 'என்டர் த கன்ஜன்' உயர்தரப் பொருள்கள் கிடைத்த பிறகு அடுத்தவை கிடைக்கும் வாய்ப்பை ஓசையில்லாமல் குறைக்கிறது. பாஸ்கள் ஒரு நொடியில் ஏற்கும் சேதத்துக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது, என்றாவது ஒருநாள் நன்றாக விழுந்த பகடையின் மகிழ்ச்சியில் கைவைக்கிறது. ஷூட்டர் அல்லாத 'ஹேடிஸ்' விளையாட்டில் உதவி நிலையை இயக்கினால் 20 சதவீதப் பாதுகாப்பு, ஒவ்வொரு சாவுக்கும் 2 சதவீதம் கூடுதல், உச்சம் 80 என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

'கன்ஃபயர் ரீபார்ன்' போன்றவற்றில் தோற்றாலும் நிலையான மேம்பாடுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. புதியவர்கள் மனம் தளராமல் இருப்பதற்கு இது நிச்சயம் உதவுகிறது. ஆனால் நான்காம் வாரம் எளிதாகத் தோன்றும் அறையைக் கடந்தது தன் கையா, சேர்ந்த மேம்பாடா என்று சொல்ல முடியாது. தன் திறமையை அளக்க விரும்புபவர்கள் புதுக் கணக்கில் மீண்டும் தொடங்குவது அதனால்தான்.

யாராவது புதிதாகக் கேட்டால், முதலில் 'என்டர் த கன்ஜன்' ஆடச் சொல்கிறேன். விலகக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. பிறகு 'ரிஸ்க் ஆஃப் ரெயின் 2'ஐத் தொடங்கும்போது ட்ரிஸிலைத் தாண்டி நேராக ரெயின்ஸ்டார்முக்குப் போகச் சொல்கிறேன். ட்ரிஸிலில் ஏற்றம் பாதியாகக் குறைவதோடு காயமும் விரைவாக ஆறுவதால், எந்தப் பெட்டியைத் திறந்தாலும் எந்தப் பெட்டியை விட்டாலும் விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். எதைத் தேர்ந்ததால் தோற்றோம் என்பதை அங்கே கற்றுக்கொள்ள முடியாது.