32 பேருக்கு நாலு நாலு வரி

பிப்ரவரி 21, புதன்

தமிழய்யா இன்று கடைசிப் பீரியடில் ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார். உன்னைத் தவிர வகுப்பில் 32 பேர், ஆளுக்கு நாலு வரி எழுது, பிரிவுபசார நாளன்று நீயே படி என்றார். மார்க்கைப் பற்றி ஒரு எழுத்து வரக்கூடாதாம், அதை எழுதத்தான் கவர்மெண்ட் இருக்கிறதாம். பொழுதோட வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் ஒன்பது பேரை முடித்துவிட்டேன். எல்லோரையும் பட்டப்பேரிலேயே எழுதுகிறேன். முதலில் என் பெஞ்சுக்காரி மாங்காவைத்தான் எழுதப் பார்த்தேன். வரவில்லை. சரி, கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 22, வியாழன்

தொறப்பு. ரெண்டு வருஷமாக வகுப்புச் சாவி இவனிடம்தான். விடியால ரெண்டு மாடு கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு அதே சைக்கிளில் பள்ளிக்கூடம் வந்துவிடுவான். சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும். ஒரு நாள் அவனுக்கு 102 காய்ச்சல், சாவியைத் தூக்குப்போசிக்குள் போட்டு அவங்க அம்மா பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்கள். நாங்கள் திறந்து உட்கார்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறான். "அந்தப் பூட்டு கொஞ்சம் இறுக்கமுங்க மிஸ், இவங்களுக்குத் தொறக்கத் தெரியாதுன்னு வந்தேன்." கதவு திறந்துதான் இருந்தது. அதையும் ஒருமுறை பூட்டித் திறந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனான்.

நாலு வரி தாண்டிவிட்டது. இருக்கட்டும்.

பிப்ரவரி 24, சனி

தறிக்கு நாலு வரி எப்படிப் போதும்.

அவள் வீட்டில் ரெண்டு குழித்தறி, பிறந்ததிலிருந்து பெட்ஷீட் நெய்கிற சத்தத்தில் தூங்கி எழுந்தவள், அதனால் சத்தம் இல்லாத இடத்தில் அவளுக்குப் படிப்பு ஏறாது. மனப்பாடம் பண்ணும்போது ரெண்டு காலும் மிதி மிதிப்பது போல மாறி மாறிப் போகும், வாய் பொருளியல் சொல்லும், பெஞ்சு ஆடும். அந்தப் பெஞ்சில் இருக்கிற மூன்று பேர் கையெழுத்தும் ஒரே மாதிரி நெளிந்து இருப்பதைப் பார்த்து, ஒருத்தியே மூன்று பேப்பரும் எழுதிவிட்டாள் என்று நினைத்த மிஸ் விசாரணையே நடத்தினார்கள். சொல்லிக்கொண்டு வரும்போது ஒரு வார்த்தை விட்டுப்போனால் நிறுத்திவிடுவாள். நூல் அறுந்த இடத்தைத் தேடுகிற மாதிரி பின்னாலேயே போய், அதைப் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே நகர்வாள். இத்தனை பொறுமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஜனவரி 11 வந்தால் மட்டும் பொறுமை போய்விடும். கொடிகாத்த குமரன் 1904-ல் பிறந்தது எங்கள் சென்னிமலையில், நெசவுக்காரர் வீட்டில். 1932-ல் அடிபட்டு உயிர் விட்டது திருப்பூரில். "ஆளு எங்களுது, பேரு மட்டும் அவியளுதா? இது நாயமாங்க சார்?" என்று போன வருஷம் பிரேயர் முடிந்ததும் கேட்டாள். ஹெட்மாஸ்டர் யோசித்து, நியாயம் இல்லைதான் அம்மிணி என்றார்.

திருப்பூர் இப்போதும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பிப்ரவரி 26, திங்கள்

மாங்கா இன்றும் பள்ளிக்கூடம் வரவில்லை. ஹால் டிக்கெட்டை அவங்க அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார்களாம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

படித்தேன். தொண்டை கட்டும் என்று பயந்தேன், ஆனால் தொறப்பு பகுதிக்கே எல்லோரும் சிரிக்க ஆரம்பித்ததில் எனக்கும் குரல் வந்துவிட்டது. அரைஞாண் கயிறு என்று சொன்னதும் அவன் கை தானாக இடுப்புக்குப் போனது.

வெண்ணெய் பற்றிப் படிப்பதற்கு முன் தமிழய்யாவைப் பார்த்தேன், அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட வாத்தியார்கள் எல்லோரும் கூசுவார்கள். அவனுக்கோ அதில் அத்தனை பெருமை, ஊத்துக்குளிக்காரன். தீபாவளிக்கு வகுப்புக்கே வாழை இலையில் உருட்டி எடுத்து வந்தவன். எதையும் எண்ணாமல் நம்ப மாட்டான். பரீட்சைப் பேப்பர் கட்டு பிரித்தால் அதையும் எண்ணுவான், மிஸ்ஸுக்கு அந்த வேலை மிச்சம்.

ஏழேகால் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருந்தேன், அதற்குத்தான் அதிகக் கைதட்டல். எந்த ஊருக்கு எந்தப் பஸ், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்று அவனைக் கேட்காமல் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர்கூட அரை நாள் லீவு போட்டதில்லை.

அப்புறம் அப்பாரு, எங்கள் பக்கத்தில் தாத்தா என்று அர்த்தம். பதினேழு வயதுப் பையன் எப்படி எழுபது வயது ஆள் ஆனான் என்று தெரியவில்லை, அவங்க அப்பாருகூடவே மஞ்சள் காட்டிலும் மண்டியிலும் வளர்ந்ததால் இருக்கும். வகுப்புக்குள் வரும்போது ஒவ்வொரு பெஞ்சிலும் நின்று, சாப்ட்டீங்களா, மழை கிழை உண்டா உங்க பக்கம், என்று கேட்டுவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவான். விரலி மஞ்சள் என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று ஈரோட்டு நிலவரம் தினமும் போர்டு மூலையில் எழுதியிருக்கும். வணிகவியல் மிஸ் அதை அழிக்க விட்டதே இல்லை. யாராவது அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் தரையைப் பார்ப்பான், பத்து நிமிஷம் கழித்து "சரி, ஆவுற வேலையைப் பாக்கலாம் கண்ணு" என்பான். அழுகிறவளுக்கு அவனைவிட ஆறு மாதம் மூப்பு இருக்கும்.

எல்லாம் முடிந்து பப்ஸ் சாப்பிடும்போது அவன்தான் என்னிடம் வந்தான். பட்டிக்குள் ஆடு எண்ணுகிறவன் மாதிரி விரல் விட்டுக்கொண்டே, "ஒரு உருப்படி கொறையுதே அம்மிணி" என்றான்.

மார்ச் 1, வெள்ளி

தமிழ்ப் பரீட்சை. மாங்கா வந்தாள்.

ஒன்பதே காலுக்கு பஸ்ஸில் இறங்கி ஓடி வந்தாள். ஹால் டிக்கெட் நம்பரில் எனக்கு அடுத்தவள் அவள், அதனால் பெஞ்சும் எனக்குப் பின்னால். ஜடையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. யூனிபார்ம் தோளில் சின்னச் சின்னதாக நூல் பிசிறு, நீலம், சிவப்பு, ஒன்றிரண்டு கிளிப்பச்சை. எடுத்துவிட்டேன். வலது கட்டைவிரலில் பிளாஸ்டர். பத்து மணிக்கு மணி அடித்து, கேள்வித்தாள் படிக்கிற அந்தப் பத்து நிமிஷம் முழுக்க என் கையில் அந்த நூல்கள் இருந்தன.

மார்ச் 5, செவ்வாய்

இங்கிலீஷ். பேச நேரமில்லை. ஒன்றேகாலுக்கு முடிந்தது, ஒன்றரைக்கு அவளுக்குப் பஸ். திருப்பூர் பனியன் கம்பெனியில் அரை ஷிப்டாவது பிடிக்கலாமாம்.

மார்ச் 10, ஞாயிறு

நாளைக்குக் கணக்குப்பதிவியல். கூட்டாளி விலகல் பாடத்தைத்தான் எடுத்தேன், மற்றதெல்லாம் ஏற்கனவே போட்டுப் பார்த்தாச்சு.

விலகுகிற கூட்டாளிக்கு நற்பெயரில் என்ன பங்கோ அதைக் கொடுக்க வேண்டும். இருக்கிறவர்கள் அதை ஆதாய விகிதத்தில் தாங்க வேண்டும். உடனே கொடுக்க முடியவில்லை என்றால் அந்தத் தொகையை அவருடைய கடன் கணக்குக்கு மாற்ற வேண்டும். இந்த ஒரு பக்கத்தையே ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரியில் ஒரு நாள், பொங்கல் லீவு முடிந்து வந்த அன்றைக்கு, நான் நின்னுட்டா நீ யாரோட உக்காருவே என்று மாங்கா கேட்டாள். பாடத்தைக் கவனி என்று சொன்னேன். இதைத்தான் சொன்னேன், வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை முறை நினைத்தாலும் அந்த இடத்தில் நான் இதையே சொல்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

ஸ்கேல் என்னிடம் இருந்தது. கட்டம் போடத் தொடங்கும் முன் திரும்பிக் கொடுத்தேன், நான் அட்டையின் ஓரத்தை வைத்தே கோடு போட்டேன். நேராகத்தான் வந்தது. ஸ்கேலை அவளே கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 19, செவ்வாய்

வணிகவியலோடு எங்கள் குரூப்புக்கு முடிந்தது. வாசலில் எல்லோரும் சட்டையில் மை தெளித்துக்கொண்டார்கள். தறி மட்டும் யார் மேலும் தெளிக்கவில்லை, நெய்தவங்க மனசு நோகும் என்றாள். தொறப்பு சாவியை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பைத் தடவிக்கொண்டே நின்றான். அப்பாரு அவன் தோளில் கை போட்டு பேக்கரிக்குக் கூட்டிப் போனான். தேங்காய் பன் ரெண்டு வாங்கித் தந்தானாம்.

மாங்கா கூட்டத்தில் எங்கே போனாள் என்று தெரியவில்லை. ஏழேகாலைக் கேட்டேன். "ஒன்றரைக்கே ஏறிட்டா. முன்னாடி படியில."

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். பதினாறு பேர் சேர்ந்து மலை ஏறினோம். 1320 படி என்று எல்லோருக்கும் தெரியும், வெண்ணெய்க்கு 1317 தான் வந்தது. மூன்று படி எங்கே போச்சு என்று மறுபடி எண்ணக் கீழே இறங்கிவிட்டான், இரண்டாவது தடவை அவன் வியர்த்து மேலே வரும்போது நாங்கள் பிரசாதம் வாங்கி முடித்திருந்தோம். 1322 வந்ததாம். ரெண்டையும் கூட்டி ரெண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட சரி என்று தறி சமாதானம் சொன்னாள். அப்பாரு மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டான். அபிஷேகத்துக்குத் தண்ணீர் சுமக்கிற பொதிகாளை எங்களைக் கடந்து போனது, யாரையும் பார்க்காமல், ஒரே சீராக. மாங்கா இருந்திருந்தால் அதன் கழுத்தைத் தொட்டுக் கும்பிட்டிருப்பாள்.

திங்கட்கிழமை, லீவு கிடைக்கவில்லையாம்.

ஏப்ரல் 3, புதன்

வெயில். எங்கள் மரத்தில் ஏழு மாங்காய் விழுந்தது. அரிவாள்மனையில் அம்மா வெட்டித் தந்தார்கள், வாயில் வைக்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைக் கனி. அவள் போன் பண்ணினாள்! ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறாளாம், சனிக்கிழமை சம்பளம் வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாளாம், செக்கிங்கில் இவள் கை பட்ட பீஸ் திரும்பி வந்ததே இல்லையாம். குரல் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் ஒன்றும் கேட்காமல் ம்ம் ம்ம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வைக்கும்போது, நோட்டில் எனக்கு என்ன எழுதினே என்றாள். தமிழய்யாவிடம் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டு. எங்கள் வகுப்பில் 18 முடிந்து பேர் சேர்த்தது தொறப்பு ஒருத்தன்தான். மை வைத்த விரலை மடக்காமலே பால் கறந்தானாம். மாடு உதைத்துவிட்டது.

மே 4, சனி

ராத்திரி பதினொன்று. நாளை மறுநாள் ரிசல்ட். மாங்காவை வரி எண்ணாமல் எழுதுகிறேன்.

ஸ்கேல் வாங்கினது பதினொன்றாம் வகுப்பு முதல் வாரம், அவள் எட்டு ரூபாய், நான் ஏழு ரூபாய். ஸ்டீல் ஸ்கேல். கோடு போட்டதைவிட மாங்காய் வெட்டினதுதான் அதிகம். காயைப் பெஞ்சு ஓரத்தில் காம்பு மேலே வர நிறுத்தி, இடது கையால் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, வலது உள்ளங்கையால் ஒரே தட்டு. கதுப்பு பிளந்து விழும். பால் பட்டுப் பட்டு ஏழாவது சென்டிமீட்டர் கோடு அழிந்துவிட்டது, எந்தக் கோடும் எங்களுக்கு ஆறிலிருந்து எட்டுக்குத் தாவும். ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இருக்காது, காகிதத்தில் மடித்த உப்பும் மிளகாய்ப்பொடியும் இருக்கும். கதுப்பு முழுக்க மற்றவர்களுக்கு, கடைசிப் பெஞ்சு வரைக்கும் போகும். கொட்டையை அவள் எடுத்துக்கொள்வாள். எனக்கு அதுதான் பிடிக்கும் என்று சொல்வாள். ரெண்டு வருஷம் அதை நம்பிவிட்டேன்.

மே 5, ஞாயிறு

தூக்கம் வரவில்லை.

மே 6, திங்கள்

ஒன்பதரைக்குத் திறந்தது. என் நம்பருக்குப் பதிலாக அதோடு ஒன்றைக் கூட்டித் தட்டினேன். பிறந்த தேதி தெரியும். பாஸ். 600-க்கு 468, கணக்குப்பதிவியல் 91. பிறகுதான் என்னுடையதைப் பார்த்தேன்.

அவள் போன் எடுக்கவில்லை, கம்பெனிக்குள் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மெசேஜுக்கு ஒரே டிக். பத்து மணிக்கு அப்பாரு வீட்டுக்கே வந்துவிட்டான், உன்ற நோட்டுல இருக்குற 32 பேரும் பாஸ் கண்ணு, எண்ணிட்டேன் என்றான், கண் சிவந்திருந்தது. அவன் சொல்லித்தான் ஏழேகாலுக்குப் போன் போட்டேன். "மூணு பத்துக்கு இருக்கு, ஊத்துக்குளி வழி, வலது பக்கம் உக்காராதே, திருப்பூர் போற வரைக்கும் வெயில் மூஞ்சியிலயே அடிக்கும். அஞ்சரைக்குக் கம்பெனி விடும், கேட்டுகிட்டவே நின்னுக்கோ." அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸுக்குக் காசு எடுத்துத் தந்தார்கள்.

ஊத்துக்குளி தாண்டியாச்சு. இந்த ஆட்டத்தில் எழுத்து தறி பெஞ்சில் எழுதினது மாதிரி நெளிகிறது. பையில் நோட்டும் நாலு மாங்காயும் இருக்கின்றன. உப்பு எடுத்து வர மறந்துவிட்டேன், இறங்கினதும் வாங்க வேண்டும்.