கடைசிப் படகு கப்பல் நேரப்படி

கப்பலில் போய் வந்தோம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது வாந்தி வந்ததா என்று. அடுத்த கேள்வி, சாப்பாடு எப்படி. கரையில் இறங்கிச் சுற்றியதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கு வந்த சங்கடமெல்லாம் கரையில்தான் வந்தது. கப்பலுக்குள் நாலு நாளும் ராஜபோகம்.

போன அரையாண்டு விடுமுறையில் போனோம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வரை விமானம். அங்கே மரீனா பே முனையத்தில் கப்பல் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூர். நான், இவர், ஒன்பது வயதுப் பையன், 67 வயது அம்மா. அப்பா வரவில்லை. "தண்ணி மேல நாலு ராத்திரியா? நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று முடித்துக்கொண்டார்.

புறப்படும் முன்பே ஒரு சண்டை, அம்மாவின் தாலிச் சங்கிலியை வைத்து. எட்டுப் பவுன். மலேசியாவில் மோட்டார் சைக்கிளில் வந்து சங்கிலி, கைப்பை பறித்துப் போவது ஊரறிந்த சங்கதி, அங்கே இருக்கும் சொந்தக்காரர்களே சொல்வார்கள். "கழட்டி வெச்சுட்டு வாம்மா" என்றேன். "உங்கப்பா உசுரோட இருக்கும்போது எதுக்குடி கழட்டணும்?" என்றாள். ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் எதிர்வீட்டு மாமிதான் வழி சொன்னார்: திருமாங்கல்யத்தை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டால் போச்சு. சங்கிலி பீரோவுக்குப் போனது. காதில் சின்னக் கல்தோடு, கையில் பழைய எச்எம்டி வாட்ச், அவ்வளவுதான் அம்மாவின் நகை. அந்த வாட்சைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இன்னொன்றும் ஊரிலேயே பார்க்க வேண்டியது. சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவு உள்ளதாக இருக்க வேண்டும். கப்பல் பினாங்கு போய் வந்தாலும், கடைசியில் சிங்கப்பூரில் இறங்கும்போது புதிதாக நுழைவதாகத்தான் கணக்கு.

கப்பலில் ஏறியதும் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லாக் கப்பலிலும் இப்படி இல்லையாம், எங்கள் கப்பலில் அப்படி. ஆளுக்கொரு கார்டு கொடுத்தார்கள். அறைக் கதவு திறப்பது, கடையில் கணக்கு எழுதுவது, இறங்கி ஏறுவது எல்லாம் அந்தக் கார்டில்தான். வாசலில் அதை எந்திரத்தில் காட்டினால் நம் போட்டோ அவர்கள் திரையில் வரும். அப்படித்தான் யார் கரையில், யார் கப்பலில் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிகிறது. நான் பாஸ்போர்ட் நகல்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்தேன். பணத்தையும் வங்கிக் கார்டுகளையும் இவரும் நானும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பிறகு அம்மாவின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ரெண்டு நாளைக்கு உள்ளது. "சாயங்காலம் திரும்பி வரப்போறோம், இதெல்லாம் எதுக்கு?" என்று இவர் சிரித்தார். நான் பதில் சொல்லவில்லை.

பினாங்கில் மதியம் 2 மணிக்கு இறங்கினோம். சுவெட்டென்ஹாம் முனையத்தை விட்டு வெளியே வந்தாலே ஜார்ஜ் டவுன்தான், வண்டியே தேவையில்லை. கொஞ்ச தூரத்தில் வெள்ளை மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டானதற்காகக் கட்டியது, ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் குண்டு விழுந்ததிலிருந்து லேசாகச் சாய்ந்து நிற்கிறதாம். பையனிடம் அதைக் காட்டி, "எங்களைக் காணோம்னா இங்க வந்து நில்லு, நகராதே" என்று சொல்லி வைத்தேன். அவன் சட்டைப் பையில் கப்பலின் பெயரும் எங்கள் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருந்தது. அறை எண்ணை வேண்டுமென்றே எழுதவில்லை. கார்டு தொலைந்து அறை எண்ணும் சேர்ந்து போனால் யார் கையில் சிக்குமோ.

வாசலில் டாக்சிக்காரர்கள் சூழ்ந்தார்கள். அதில் ஒருவர் தமிழர். நாங்கள் நடந்தே போகிறோம் என்றதும் கோபித்துக்கொள்ளவில்லை, என் கைப்பையைத்தான் பார்த்தார். "பையை ரோட்டுப் பக்கம் மாட்டாதீங்கம்மா. கடைப் பக்கம் மாட்டுங்க. மோட்டார்ல வர்றவன் உங்களையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடுவான்" என்றார். அங்கே மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். பிறகு குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்கு வழி சொல்லி, "பக்கத்துலயே பசியாறிக்கலாம்" என்றும் சொன்னார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அதுதான், அதுவும் இலவசமாக.

பையைக் கடைப் பக்கம் மாட்டினேன். ஆனால் பினாங்கில் எங்களுக்கு வந்த ஆபத்து மோட்டாரில் வரவில்லை, தரையில் இருந்தது. பழைய கடைவீடுகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை ஓடுகிறது, அஞ்சடி என்பார்கள். வெயில், மழை இரண்டுக்கும் நல்லது. ஆனால் ஒரு கடையின் தரையும் அடுத்த கடையின் தரையும் ஒரே மட்டத்தில் இல்லை. இங்கே ஒரு படி ஏற்றம், அங்கே அரைப் படி இறக்கம், நடுவில் ஒருவர் மோட்டாரை நிறுத்தியிருப்பார். அதைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கினால் இடையில் மூடாத சாக்கடை. அம்மா ஜவுளிக்கடைப் பொம்மையைப் பார்த்துக்கொண்டே நடந்தவள் அப்படி ஓர் இடத்தில் கால் வைத்தாள். செருப்பு உள்ளே போய்விட்டது, கால் விளிம்பில் தங்கியது. இவர் சட்டென்று கையைப் பிடித்ததால் தப்பினாள். முழங்கால் ஏற்கெனவே தேய்ந்த உடம்பு. அந்த இடத்தில் விழுந்திருந்தால் மீதிப் பயணம் ஆஸ்பத்திரியில்தான். அதற்கப்புறம் அம்மாவுக்குப் பின்வார் வைத்த செருப்பு வாங்கினோம். திருடனுக்குப் பயந்து எட்டுப் பவுனைக் கழற்ற வைத்த நான் செருப்பைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

கோயில் பார்த்து, அந்த ஊர் ஆற்றிய பால் டீயான தே தாரிக் குடித்து, இரவு ஏழரைக்கெல்லாம் கப்பலில் இருந்தோம். கப்பல் கிளம்புவது ஒன்பதுக்கு. எவ்வளவு ஒழுங்கான குடும்பம் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

மறுநாள் புக்கெட். அங்கே கப்பல் கரையோடு அணையவில்லை, படாங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கே அலை அதிகம் என்பதால் வேறு துறைமுகத்துக்குப் போவார்களாம், டிசம்பரில் இங்கேதான். கப்பலின் வயிற்றுப் பக்கம் ஒரு கதவைத் திறந்து, அங்கிருந்து சின்னப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகிறார்கள். டெண்டர் என்று பெயர். மேலேயிருந்து பார்த்தால் கடல் தாம்பாளத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தது. கதவருகில் போனால்தான் தெரிந்தது, படகு ஒன்றரை அடி ஏறி ஒன்றரை அடி இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி திறந்து மூடுகிறது. இரண்டு பக்கமும் மாலுமிகள். அம்மாவின் உள்ளங்கையைப் பிடிக்கவில்லை, முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டார்கள், அம்மாவும் அவர்கள் கையை அப்படியே பிடிக்க வேண்டும். "வெயிட்... வெயிட்..." படகு மேலே வந்து ஒரு கணம் நின்றது. "நவ்!" அம்மா காலைத் தூக்கி வைத்துவிட்டாள். பையைக் கையில் வைத்திருந்த ஒருவரை நிறுத்தி, பையை வாங்கிக்கொண்ட பிறகுதான் விட்டார்கள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், போட்டோவெல்லாம் உட்கார்ந்த பிறகு.

கரையேறியதும் கண்ணில் பட்டது நீலப் பலகை. சுனாமி வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்டது. 2004-இல் இந்தக் கடற்கரையையும் அதே அலைதான் அடித்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேளாங்கண்ணியிலயும் இப்படி ஒண்ணு எழுதி வெச்சிருந்தா..." என்று இழுத்தாள். மேடு எந்தப் பக்கம் என்று பையனுக்குக் காட்டிவிட்டு நகர்ந்தோம்.

ஜெட் ஸ்கீ வேண்டும் என்று பையன் அடம். இவருக்கும் உள்ளூர ஆசை. நான் விடவில்லை. வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கும்போது, அடியில் இருக்கும் பழைய கீறலைக் காட்டி நீதான் செய்தாய் என்று பெருந்தொகை கேட்பது அங்கே வருஷக்கணக்காக நடக்கும் ஏமாற்று. எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஏறும் முன் சுற்றிலும் வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டும், பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்கவே கூடாது. சச்சரவு வந்தால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்திலேயே பேசலாம். எங்களிடம் அடகு வைக்கப் பாஸ்போர்ட்டே இல்லை என்பது வசதியாகப் போயிற்று.

ஒரு வேன் பேசி வாட் சலோங் கோயிலுக்குப் போனோம். போக வர, நின்று காத்திருக்க எவ்வளவு என்று டிரைவர் கையாலேயே தாளில் எழுதி வாங்கினோம், பணம் கடைசியில்தான் என்றும் பேசினோம். அதுவரை எல்லாம் சரி. திரும்பும் வழியில் டிரைவர், "பத்து நிமிஷம், சும்மா பாருங்க" என்று ஒரு நகைக்கடையில் நிறுத்தினார். ஆட்களைக் கூட்டிவந்தால் டிரைவருக்குக் கடையில் ஏதோ உண்டு. தெரிந்தேதான் இறங்கினோம். கடைசிப் படகு 5 மணிக்கு, இவர் போனில் மணி 3, குளுகுளுவென்று ஏசி. என் போன் போட்டோ எடுத்தே செத்துக் கிடந்தது.

அம்மா ஒரு நீலக்கல் மோதிரத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் மணிக்கட்டைத் திருப்பினாள். "மாப்பிள்ளை, மணி நாலாச்சே, கிளம்பலாமா?"

"மூணுதான் அத்தை. உங்க வாட்ச் தப்பா ஓடுது."

"என் வாட்ச் என்னிக்குத் தப்பா ஓடிச்சு? கப்பல்ல ஏறினன்னிக்கு நீங்கதானே சரி பண்ணிக் குடுத்தீங்க?"

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம், அதனால் முதல் நாள் இந்தப் பேச்சே எழவில்லை. இங்கே கரையில் தாய்லாந்து சிக்னல் கிடைத்ததும் இவர் போன் தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போயிருக்கிறது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது. முந்தின இரவு அறைக்கு வந்த நிகழ்ச்சித் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், கரையில் இருந்தாலும் கப்பல் நேரத்தையே பாருங்கள் என்று. அதைப் படித்தேன், சாப்பாட்டு நேரம் பார்ப்பதற்காக.

கடைசிப் படகுக்கு மீதி ஒரு மணி நேரம். படாங்குக்குப் போக மலையேறி இறங்க வேண்டும், சாயங்காலப் போக்குவரத்து வேறு. தாளில் எழுதியதைவிட முந்நூறு பாட் அதிகம் தருகிறேன் என்று இவர் சொன்னதும், டிரைவர் தலையாட்டிவிட்டு அதே வேகத்தில்தான் ஓட்டினார். அதற்காக அவரை இன்றும் வாழ்த்துகிறேன், அந்த இறக்கத்தில் வேகமாகப் போயிருந்தால் படகைவிடப் பெரிய விஷயம் தவறியிருக்கும். வண்டிக்குள் உட்கார்ந்து நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தைப் படித்தேன். கப்பல் ஏஜென்ட்டின் போன் நம்பர் அங்கே இருந்தது. படகைத் தவறவிட்டால் அவரைத்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் கப்பல்காரர்கள் பாஸ்போர்ட்டைக் கரையில் ஏஜென்ட்டிடம் விட்டுப் போவார்களாம். அங்கிருந்து விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் நம் செலவு. கப்பல் மூலமாகவே பதிவு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பாவது அவர்களுடையது. தனியாக வேன் பிடித்தவர்களுக்கு அது கிடையாது. காசு மிச்சம் பிடிக்கத்தான் நாங்கள் தனியாகப் போனோம்.

ஏஜென்ட் நம்பரை இவர் போனில் பதிந்துகொண்டார். நான் கைப்பையைத் திறந்து மாத்திரை உறையைத் தொட்டுப் பார்த்தேன். இவர் பார்த்தார், சிரிக்கவில்லை.

அம்மாவின் வாட்சில் 4.50-க்குக் கடற்கரையில் இருந்தோம். வரிசையில் இன்னும் நாற்பது பேர் இருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. கப்பல் பணியாளர்கள் குடை பிடித்துக்கொண்டு, ஐஸ் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. படகில் ஏறும்போது அம்மா இந்த முறை யாரும் சொல்லாமலே கையை நீட்டி, படகு மேலே வரும்வரை காத்திருந்து காலை வைத்தாள். கப்பலுக்கு வந்த பிறகு ஒலிபெருக்கியில் மூன்று பேரின் பெயர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்து சேர்ந்தார்களா என்று தெரியவில்லை. கப்பல் 6 மணிக்குக் கிளம்பிவிட்டது.

அன்று ராத்திரி இவர் தன் போனில் தானாக நேரம் மாறும் வசதியை அணைத்து வைத்தார். அம்மா வாட்சை மட்டும் யாரும் தொடவில்லை. திருச்சி விமான நிலையத்தில் பெட்டிக்குக் காத்திருக்கும்போது அவளே திருகைப் பிடித்து இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளினாள். வெளியே அப்பா நின்றிருந்தார். முதலில் அம்மாவின் கழுத்தைத்தான் பார்த்தார்.