மலைப் பச்சோந்தி வளர்ப்பு: முதலில் இரவைக் குளிரவையுங்கள்

மலைப் பச்சோந்தி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் விளக்கைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது இரவு வெப்பநிலையை. கென்ய மலைச்சரிவுகளின் ஜாக்சன் மூன்றுகொம்பன், கேமரூன் மலைக்காடுகளின் நான்குகொம்பன், இரண்டுமே இதமான பகலுக்கும் குளிர்ந்த இரவுக்கும் பழகிய உயிர்கள். இரவில் குளிர் இறங்காவிட்டால் உடல் ஓய்வே எடுக்காது. வேகமாகத் தின்னும், வேகமாக வளரும், சீக்கிரம் நலிந்துவிடும்.

பகலில் கூண்டுக்குள் 22 முதல் 25 டிகிரி செல்சியஸ், விளக்கின் கீழ் வெயில் காயும் கிளையில் 28, இரவில் 12 முதல் 16. ஏசி போட்டும் 18-க்குக் கீழே இறக்க முடியாத அறையில் இவற்றை வளர்க்காதீர்கள். பகலில் 30-ஐத் தாண்டினால் நிறம் வெளிறும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அந்த நிலையில் காத்திருக்க நேரமில்லை, உடனே விளக்கை அணைக்க வேண்டும்.

ஈரத்தை எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் பலர் சறுக்கும் இடம். ‘மழைக்காட்டு விலங்கு’ என்று நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள். வெப்பமும் தேங்கிய ஈரமும் சேர்ந்தால் நுரையீரல் தொற்றுதான் மிச்சம். விளக்கு அணைந்தபின் இரண்டு நிமிடம், விடியுமுன் இரண்டு நிமிடம் தெளிப்பான் ஓடட்டும். நள்ளிரவுக்குப்பின் பனிமூட்டக் கருவியை இயக்கி ஈரப்பதத்தை 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றலாம், ஆனால் குளிர்ந்த இரவில் மட்டும். காலையில் இலைகள் காய்ந்து, பகலில் 50 சதவீதம் அளவில் நிற்க வேண்டும். 60 × 60 × 120 செ.மீ. வலைக்கூண்டு, அடியில் வடிகால் தட்டு, உள்ளே அடர்ந்த செடிகள். பூச்சிமருந்து அடித்த செடி வேண்டவே வேண்டாம்.

புற ஊதா விளக்குக்கு டி5 என்ற மெல்லிய குழல்விளக்கு, புற ஊதா-பி அளவு 6 சதவீதம் என்று குறித்தது போதும். பச்சோந்தியின் முதுகு இருக்கும் உயரத்தில் புற ஊதாக் குறியீடு 3 வரட்டும். மீட்டர் வைத்து அளந்தே கிளையைக் கட்டுங்கள்.

வளர்ந்த பச்சோந்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கைந்து சுவர்க்கோழிகள் போதும். வைட்டமின் டி3 சேராத கால்சியத் தூளை லேசாகத் தூவுங்கள். ஏ, டி3 சேர்ந்த வைட்டமின் தூள் மாதம் இருமுறைக்கு மேல் கூடாது. இந்த மலை இனங்களில் கழுத்து நீர்கோத்து வீங்குவதை அடிக்கடி காணலாம். அப்படி வீங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தத் தூளைத்தான்.

இனப்பெருக்கத்துக்குப் பெண்ணை ஆணின் கூண்டில் விட்டு, பக்கத்திலேயே நின்று கவனியுங்கள். பெண் கறுத்து, வாய் பிளந்து சீறினால் அப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். அமைதியாக நகர்ந்தால் ஓரிரு நாள் விடலாம். ஜாக்சன் இனம் குட்டி போடும், சினைக்காலம் ஐந்தாறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஆணின் விந்தைப் பெண் சேமித்து வைப்பதால், மறுபடி இணையாமலே அடுத்த ஈற்றும் வரலாம். சினையாக இருக்கிறதே என்று இரையை அள்ளிக் கொடுக்காதீர்கள், அது தாயை வாட்டிவிடும்.

நான்குகொம்பன் முட்டையிடும் இனம். ஈரமணலும் மண்ணும் கலந்து, தோண்டும் சுரங்கம் சரியாத பதத்தில் 25 செ.மீ. ஆழம் கொடுங்கள். தோண்ட இடம் பிடிக்காவிட்டால் முட்டைகளை உள்ளேயே அடக்கிவைத்து இறந்துபோகும். முட்டைகளைத் திருப்பாமல் எடுத்து, பிழிந்தால் சொட்டாத வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) பாதி புதைத்து, 18 முதல் 22 டிகிரியில் வையுங்கள். குஞ்சு பொரிய ஐந்தாறு மாதம் ஆகும். சூட்டை ஏற்றி அவசரப்படுத்தினால் முழு வளர்ச்சியடைந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகும்.

குஞ்சுகளைக் கூண்டுக்கு நான்கைந்தாகப் பிரித்துவிடுங்கள். பழ ஈக்களும் பொடிச் சுவர்க்கோழிகளும் எப்போதும் கண்ணெதிரே இருக்க வேண்டும். முதல் வாரங்களில் இவற்றைக் கொல்வது பெரும்பாலும் நீர்வறட்சி. ஆகவே மென்தூறலாக நாளுக்கு மூன்று நான்கு முறை தெளித்து, ஒவ்வொரு முறையும் உலரவிடுங்கள். வெயில் கிளை 26 டிகிரியைத் தாண்டக் கூடாது.

இந்த இனங்கள் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. காட்டில் பிடித்தவற்றைத் தவிர்த்து, வளர்ப்பில் பிறந்தவற்றை உரிய ஆவணங்களோடு மட்டும் வாங்குங்கள். புதிதாக வந்ததைத் தனி அறையில் வைத்து, எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் புழு, ஒட்டுண்ணி பார்த்த பிறகே மற்றவற்றின் அருகே கொண்டுவாருங்கள்.