பாடகியை விட்டுப் பாட்டைக் கேட்கக் கற்றது: ஒரு விமர்சனத் தேர்வின் அனுபவம்

பிரிட்டனில் இசை இதழியல் முதுகலை படித்த ஆண்டில் எனக்கு மிகுந்த அச்சத்தைத் தந்தது ஒரு செய்முறைத் தாள். புதிதாக வெளியாகும் நான்கு பாப் ஆல்பங்களுக்கு, ஒவ்வொன்றும் வெளியான 24 மணி நேரத்துக்குள், 700 சொற்களில் ஆங்கிலத்தில் விமர்சனம் எழுதி ஒப்படைக்க வேண்டும். அதற்குள் வேறு எவருடைய விமர்சனத்தையும் படிக்கக் கூடாது. நான்கும் முடிந்தபின் நேர்முகத் தேர்வு ஒன்று உண்டு; அதில் நாம் எழுதியதை நாமே காத்து நிற்க வேண்டும். 2024 மார்ச் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை எங்களுக்குத் தரப்பட்டவை பியான்சே, டெய்லர் ஸ்விஃப்ட், பில்லி ஐலிஷ், சார்லி எக்ஸ்சிஎக்ஸ் ஆகியோரின் ஆல்பங்கள். நான்கு பேரும் பெண்கள் என்பது ஆசிரியர் திட்டமிட்டதா என்று கேட்டதற்கு, இந்தப் பருவத்தில் வேறு எதைக் கொடுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த நான்கில் ஒன்றில் நான் தோற்றேன். இத்தகைய தாளை எழுதவிருக்கும் மாணவர்களுக்கு, தேறிய மூன்றைவிடத் தோற்ற ஒன்று கூடுதலாகப் பயன்படும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் ஆல்பம் பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்'. மார்ச் 29, பெரிய வெள்ளி. 27 தடங்கள், ஏறத்தாழ 78 நிமிடங்கள். விடுமுறை நாள் என்பதால் நேரம் தாராளமாக இருந்தது. என்னிடம் இல்லாதது முன்னறிவு. ஆல்பத்தின் நடுவே வயதான ஒரு பெண்மணியின் பேச்சுக்குரல் வருகிறது. வானொலி அறிவிப்பாளர் போலப் பேசவைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு மேலே போய்விட்டேன். அவர் லிண்டா மார்ட்டெல் என்பதும், 1969இல் அமெரிக்காவின் கன்ட்ரி இசைக்குப் பேர்போன கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவரே என்பதும், இசைக்கு வகை பிரித்துப் பெயர் சூட்டுவதைப் பற்றி அவர் வாயால் சொல்லவைத்திருப்பதில்தான் அந்த ஆல்பத்தின் வாதமே அடங்கியிருக்கிறது என்பதும் மாலையில் பெயர்ப்பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் 1973இல் வெளியிட்டு, இந்த ஆல்பத்தில் பியான்சே மீண்டும் பாடியிருக்கும் 'ஜோலீன்' பாட்டிலும் இதேதான் நடந்தது. என் கணவனைப் பறித்துவிடாதே என்று இன்னொரு பெண்ணிடம் மன்றாடும் பாட்டு அது. பியான்சேயிடம் அதுவே எச்சரிக்கையாக மாறியிருக்கிறது. மூலத்தைக் கேட்டிராதவருக்கு இந்தத் திருப்பம் காதில் விழவே விழாது. ஆகவே, ஆல்பம் வருகிறது என்ற அறிவிப்பு வந்த நாளிலிருந்தே அந்தப் பாடகி நுழையவிருக்கும் இசை வகையின் வரலாற்றில் நாளுக்கு ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். வெளியான பிறகு அதற்கு நேரம் கிடைக்காது. அந்த விமர்சனத்தில் தேறிவிட்டேன் என்றாலும், கடைசி நேரத்தில் இட்ட ஒட்டுப்போல் அந்தப் பத்தி துருத்திக்கொண்டு நின்றது.

இரண்டாவதுதான் தோற்றது. டெய்லர் ஸ்விஃப்டின் 'தி டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மென்ட்' ஏப்ரல் 19 அன்று நியூயார்க்கில் நள்ளிரவாகும்போது, அதாவது எங்களுக்குக் காலை ஐந்து மணிக்கு வெளியானது. 16 பாட்டுகள் என்று எண்ணி நேரத்தைப் பங்கிட்டு வைத்திருந்தேன். ஏழு மணிக்கு மேலும் 15 பாட்டுகளைச் சேர்த்து, இது உண்மையில் இரட்டை ஆல்பம் என்று அறிவித்துவிட்டார். மொத்தம் 31 பாட்டுகள், இரண்டு மணி நேரத்துக்கும் மேல். என் கணக்கு குலைந்தது. அந்தப் பதற்றத்தில் எது எளிதோ அதைச் செய்தேன்: எந்தப் பாட்டு எந்தப் பழைய காதலரைக் குறிக்கிறது என்று துப்புத் துலக்குவதில் இறங்கிவிட்டேன். ஒவ்வொரு வரியும் ஒரு தடயமாகத் தெரியத் தொடங்கியபின் இசை கேட்காமல் போய்விடுகிறது. எழுதி முடித்தபோது எனக்கு அது கூர்மையான கட்டுரையாகவே தோன்றியது.

திரும்பி வந்த தாளில் ஆசிரியர் இரண்டு நிறங்களில் கோடிட்டிருந்தார். காதால் கேட்டு எழுதிய வாக்கியங்களுக்குப் பச்சை. செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டதற்குச் சிவப்பு. பச்சை ஒன்பது வரிகள் இருந்திருக்கும். ஜாக் ஆன்டனாஃப், ஏரன் டெஸ்னர் என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் பணியாற்றிய ஆல்பம் அது. ஒருவரிடம் சின்தசைசரின் அடர்த்தி, மற்றவரிடம் பியானோவும் கிட்டாரும் விட்டுச்செல்லும் வெற்றிடம். அந்த வேறுபாடு பாடும் முறையை எப்படி மாற்றுகிறது, 31 பாட்டுகள் என்ற நீளம் கேட்பவரை என்ன செய்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. இந்த ஆல்பத்தை யாரோ ஒரு புதுமுகம் பாடியிருந்தால் உங்கள் கட்டுரையில் என்ன மிஞ்சும் என்று தாளின் அடியில் எழுதியிருந்தார். ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அந்தக் கேள்வியோடு பேருந்தில் திரும்பும்போது எனக்கு வந்த வெட்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் திரைப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள். கவிஞர் ஒருவர் எழுத, இசையமைப்பாளர் ஒருவர் மெட்டமைக்க, எஸ். ஜானகியோ சித்ராவோ பாட, திரையில் நடிகை வாயசைக்க, அந்த நான்கு பேரில் எவருடைய சொந்தத் துயரம் இது என்று கேட்க நமக்குத் தோன்றியதே இல்லை. பாட்டில் வரும் 'நான்' பாட்டுக்குள் வாழும் ஒருத்தி. இதற்கும் மிக முன்பே தொல்காப்பியம், அகத்திணைப் பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று விதித்திருக்கிறது. பெயரைச் சொல்லிவிட்டால் அது அகம் ஆகாது. இந்தப் பழக்கத்தில் ஊறிய காதை வைத்துக்கொண்டு, அதைக் கழற்றி வைத்துவிட்டு வம்புச் செய்திகளின் பின்னால் ஓடியிருக்கிறேன்.

இதை அப்படியே எல்லா இடத்திலும் பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்விஃப்ட் தம் பாட்டுகளைத் தாமே எழுதுகிறவர். தம் வாழ்க்கையை ரசிகர்கள் அதில் தேடுவார்கள் என்று அறிந்தே குறிப்புகளைத் தூவுகிறவர். அந்த விளையாட்டும் படைப்பின் ஒரு பகுதிதான். ஆனால் அதைப் பற்றி எழுதுவதென்றால், குறிப்பைத் தூவும் உத்தியைப் பற்றி எழுத வேண்டும். குறிப்பைப் பின்தொடர்ந்து ஓர் ஆளின் வீட்டு வாசலில் போய் நிற்பது விமர்சகரின் வேலையில் சேராது. ஆண் பாடகர் காதல் தோல்வியைப் பாடினால் கலை என்றும், பெண் பாடினால் நாட்குறிப்பு என்றும் வாசிக்கும் வழக்கம் ஆங்கில இதழ்களில் நெடுங்காலமாக உண்டு. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியிலும் பாடகியின் பெயரை எடுத்துவிட்டு ஓர் ஆணின் பெயரை வைத்துப் படித்துப் பாருங்கள். எங்கே நெருடுகிறதோ அங்கே திருத்தம் தேவை. அடுத்த இரண்டு தாள்களிலும் நான் இதைச் செய்தேன், இரண்டிலும் நெருடியது.

மே 17 அன்று வந்த பில்லி ஐலிஷின் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' இந்தப் பாடத்தைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பாக அமைந்தது. பத்தே பாட்டுகள், முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. முன்கூட்டியே எந்தப் பாட்டையும் தனியாக வெளியிடாமல் முழுதாகத்தான் தந்தார். முதல் முறை விளக்கை அணைத்துவிட்டு, எதையும் குறிக்காமல், வரிசை மாற்றாமல் கேட்டேன். வரிசை என்பது அற்பமான செய்தி இல்லை. 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதை ஏற்று, ஆல்பத்தைத் தொட்டால் பாட்டுகளைக் கலைத்துப் போடாமல் வரிசையாகவே ஒலிக்கும்படி இணைய இசைச் செயலியான ஸ்பாட்டிஃபை தன் முதன்மைப் பொத்தானை மாற்றியிருக்கிறது.

இரண்டாம் முறைதான் தாளும் பேனாவும். இடப்பக்கம் நிமிடமும் நொடியும், வலப்பக்கம் அந்த நொடியில் காதில் விழுந்தது. கருத்து எதுவும் கூடாது. 'அருமை' என்று எழுதக் கூடாது. 'டிரம்ஸ் நின்றது, மூச்சு கேட்கிறது' என்று எழுதலாம். இப்படிக் குறித்தபோதுதான் 'லாமூர் தே மா வீ' என்ற பாட்டு, சோம்பலான மெல்லிசையாகத் தொடங்கிப் பாதியைத் தாண்டியபின், வேறு ஆல்பத்துக்குள் தவறி விழுந்ததுபோல வேகமான மின்னணு நடன இசையாக மாறுவதையும், குரலும் அதற்கேற்ப இயந்திரத் தன்மை பூசிக்கொள்வதையும் கவனித்தேன். 'தி கிரேட்டஸ்ட்' பாட்டில் ஒலிவாங்கிக்கு மிக அருகே முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் பின்பாதியில் முழுக் குரலெடுத்துப் பாடுகிறார். அந்த ஏற்றம் அத்தனை வலிமையோடு தாக்குவதற்குக் காரணம், அதுவரை பல பாட்டுகளாக அவர் குரலைச் சேமித்து வைத்திருந்ததுதான். தேன் குரல், குயில் குரல் என்று நம் ஊர்ப் பத்திரிகைகளில் படித்த சொற்களின் ஆங்கில நிழல்கள் என் முதல் இரண்டு தாள்களிலும் இருந்தன. இந்தத் தாளில் அவை வருவதற்கு இடமே இல்லாமல் போனது. எந்த நொடியில் என்ன நடந்தது என்று தெரிந்தவருக்கு உவமை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

நம் காதுக்கு மட்டும் நேரும் ஓர் இடறலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நமக்குப் பல்லவி முதலில் வர வேண்டும். பிறகு இடையிசை, சரணம், மீண்டும் பல்லவி. ஆங்கில பாப் பாட்டில் பெரும்பாலும் நம் சரணம் போன்ற வெர்ஸ் முன்னால் வந்து, பல்லவி போலத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் கோரஸ் பிறகு வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு கடந்தபின் பிரிட்ஜ் என்ற புதிய பகுதி வந்து அதுவரை சொன்னதைத் திருப்பிப் போடும். முதலில் வருவதே பாட்டின் உயிர் என்று பழகியதால், வெர்ஸின் மெட்டு எடுப்பாக இல்லை என்று சில பாட்டுகளைக் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். வெர்ஸ் தாழ்ந்து நிற்பது கோரஸ் உயர்வதற்காகவே என்பது பழகப் பழகத்தான் பிடிபட்டது. மாறாக, இடையிசையைக் கூர்ந்து கேட்டு வளர்ந்த பழக்கம், குரல் இல்லாத இடங்களில் என்ன வாசிக்கிறார்கள் என்று கவனிக்க எனக்கு உதவியது. வகுப்பில் மற்றவர்கள் பெரும்பாலும் சொற்களை மட்டுமே கேட்டார்கள்.

மூன்றாம் முறை கேட்கும்போது, எழுதியவர், தயாரித்தவர், வாசித்தவர் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாடகியின் ஆல்பம் நன்றாக இருந்தால் அதன் ஒலிக்கான பெருமையை உடன் பணியாற்றிய ஆணுக்குத் தந்துவிடும் பழக்கம் விமர்சகர்களிடம் ஆழமாக இருக்கிறது. தாமே உழைத்து அமைத்த தாளங்களைக்கூட உடனிருந்த ஆண்களின் வேலை என்று பத்திரிகைகள் எழுதிவிடுவதைப் பற்றி ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2015இல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே பேசினார். ஐலிஷின் ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர் அண்ணன் ஃபினியஸ். பாட்டுகளை இருவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். பட்டியல் சொல்வது இவ்வளவுதான். எந்தச் சத்தம் யார் யோசனை என்று அதற்கு மேல் ஊகித்து எழுதிய ஒரு வாக்கியத்தை ஒப்படைக்கும் முன் அடித்தேன்.

ஒரே ஹெட்போனை நம்பாதீர்கள். செல்பேசியின் சிறு ஒலிபெருக்கியில், சமையலறையில், அரிசி கொதிக்கும் சத்தத்தோடு ஒரு முறை கேளுங்கள். பெரும்பாலான மக்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

ரசிகர்களின் சினம் குறித்து அச்சம் இருந்தால் அது அளவுக்கு மீறியதன்று. 2024 ஏப்ரலில் அமெரிக்க இதழான பேஸ்ட், ஸ்விஃப்டின் அதே ஆல்பத்துக்கான விமர்சனத்தை எழுதியவர் பெயரில்லாமல் வெளியிட்டது. 2019இல் அவருடைய முந்தைய ஆல்பம் ஒன்றை விமர்சித்த எழுத்தாளருக்கு வன்முறை மிரட்டல்கள் வந்ததைக் காரணமாகச் சொன்னது. தேர்வுத் தாளுக்கு அந்த ஆபத்து கிடையாது. ஆனாலும் அச்சம் எழுத்தை இரண்டு வழிகளில் கெடுப்பதை வகுப்பிலேயே பார்த்தேன்: சிலர் எல்லாவற்றையும் புகழ்ந்து தப்பித்தார்கள், சிலர் துணிவைக் காட்டுவதற்காகவே சீறினார்கள். மதிப்பெண் இரு தரப்புக்கும் குறைந்தது.

கடைசி ஆல்பம், ஜூன் 7 அன்று வெளியான சார்லி எக்ஸ்சிஎக்ஸின் 'பிராட்'. பச்சை அட்டையில் ஒற்றைச் சொல். 15 பாட்டுகளுக்கு விமர்சனம் எழுதி ஒப்படைத்த மூன்றாம் நாள் மேலும் மூன்று பாட்டுகளைச் சேர்த்து ஆல்பத்தை மீண்டும் வெளியிட்டார். ஸ்விஃப்டிடம் ஏற்கெனவே பட்டிருந்ததால் நான் கலங்கவில்லை. ஆனால் முதல் வெளியீட்டிலேயே இருந்த ஒரு பாட்டு என்னை விடவில்லை. தன்னோடு ஒப்பிடப்படும் இன்னொரு பாடகியிடம் தனக்கிருப்பது நட்பா, போட்டியா, பொறாமையா என்று தெரியாமல் ஒருத்தி தடுமாறும் பாட்டு அது. அந்த இன்னொருத்தி யார் என்று உலகமே ஊகித்துக்கொண்டிருந்தது. நான் பெயரைத் தொடவில்லை; பேச்சும் பாட்டும் கலந்த வெர்ஸ், மேலே எழ மறுக்கும் மெட்டு, திரும்பத் திரும்ப வரும் கோரஸ் ஆகியவை அந்தத் தடுமாற்றத்தை எப்படித் தாங்குகின்றன என்று மட்டும் எழுதி, கோரஸ் அளவுக்கு மீறித் திரும்புவதைக் குறையாகச் சுட்டியிருந்தேன்.

ஜூன் 21 அன்று அந்தப் பாட்டின் ரீமிக்ஸ் வெளியானது. அதில், உலகம் ஊகித்த அந்த இன்னொருத்தியான நியூசிலாந்துப் பாடகி லார்ட் தாமே வந்து, தம் பக்கத்துக் கதையை ஒரு முழு வெர்ஸாகப் பாடியிருந்தார். அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு. எதிர்பார்த்த கேள்வியே முதலில் வந்தது: உங்கள் விமர்சனத்தில் இப்போது எதையாவது மாற்றுவீர்களா? யாரைப் பற்றிய பாட்டு என்று நான் எழுதியிருக்கவில்லை என்பதால் அந்தப் பத்தியில் மாற்ற ஒன்றும் இல்லை என்றேன். ஆனால் கோரஸைப் பற்றிய வரியைத் திரும்பப் பெற விரும்புவதாகச் சொன்னேன். ஒருத்தி மட்டும் பாடும்போது சலிப்பாக ஒலித்த அதே வரி, இரண்டாவது குரல் வந்தபின் இருவரும் மாறி மாறி ஒப்புக்கொள்ளும் வரியாக ஒலிக்கிறது. அந்தத் திரும்பல் பதிலுக்காகக் காத்திருந்த இடம் என்பது ஜூன் 7 அன்று எனக்குக் கேட்கவில்லை. ஆசிரியர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, இரண்டு பாட்டுகளிலும் அந்த இடத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார். நொடிக் கணக்குத் தாள் கையில் இருந்தது.