கேமரா ஒருவர், ஸ்விட்ச் ஒருவர், நடுவில் நான்

எங்கள் கட்டடத்தில் 24 கேமரா போடும் வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தோம். கேமராவும், வீடியோவைப் பதிவுசெய்யும் என்விஆர் பெட்டியும் செக்யூரிட்டி இன்ஸ்டாலர் பொறுப்பு; கேமராக்களை இணைத்து, அதே கேபிளில் மின்சாரமும் கொடுக்கும் ஸ்விட்ச், கேபிள், ஸ்விட்சை மாட்டும் ரேக் எல்லாம் நெட்வொர்க் நிறுவனம். இருவருமே வேலை தெரிந்தவர்கள்தான். ஆனால் நெட்வொர்க் டிசைன் யார் போடுவது என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். இவர் அவர் போடுவார் என்றும், அவர் இவர் போடுவார் என்றும் இருந்துவிட்டார்கள்.

பகலில் எல்லாம் நன்றாக ஓடியது. இருட்டியதும் ஒரு தளத்தில் மட்டும் கேமராக்கள் அணைந்து, தானே எழுந்து, மறுபடி அணைந்தன. ஸ்விட்ச் சரியில்லை என்றார் இன்ஸ்டாலர், கேமரா சரியில்லை என்றார்கள் நெட்வொர்க் நிறுவனத்தார், இப்படியே இரண்டு வாரம் போனது. கடைசியில் ஒரு ராத்திரி நானே லேப்டாப்போடு ரேக் முன்னால் உட்கார்ந்து போர்ட் போர்ட்டாகப் பார்த்தேன். பகலில் 5 வாட் இழுத்த கேமரா, இருட்டில் பார்க்க உதவும் ஐஆர் விளக்கு எரிய ஆரம்பித்ததும் 9 வாட் இழுத்தது. எட்டு கேமராவுக்கு 72 வாட்; அந்த ஸ்விட்ச் மொத்தமாகக் கொடுக்கக்கூடியதோ 65 வாட்தான். ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கிடைக்கும் என்பதைப் பார்த்தவர்கள், எட்டுக்கும் சேர்த்து எவ்வளவு என்று பார்க்கவில்லை.

சரி, இனி ஃபோனில் பேசி ஆகாது என்று இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தேன். ஒரு அட்டவணை போட்டோம், ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு வரிசை: எந்த போர்ட், ராத்திரி எத்தனை வாட், கேபிள் எத்தனை மீட்டர், நொடிக்கு எத்தனை மெகாபிட் (எம்பிபிஎஸ்) அனுப்பும், நெட்வொர்க்கில் அதன் ஐபி முகவரி என்ன. நிரப்ப நிரப்ப ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வாசல் கேமராவுக்கு வரைபடத்தில் நேர்கோடாக அளந்து 85 மீட்டர் என்று எழுதியிருந்தார் இன்ஸ்டாலர், ஆனால் கேபிள் சுவரேறி இறங்கிப் போனதில் 130 மீட்டர் ஆகியிருந்தது. காப்பர் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதற்கு ஃபைபர் இழுத்தோம். கேமராவுக்கு 6 எம்பிபிஎஸ் வீதம் 24-க்கும் 144 வருகிறது, என்விஆரோ 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் மாட்டியிருந்தது! அதையும் மாற்றினோம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கேமராக்களைப் பிரித்துத் தனி விலேன் (அதே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போட்டோம்.

ஸ்விட்சின் அட்மின் பாஸ்வேர்டு யார் கையில் இருப்பது என்பதில் மட்டும் இருவருக்கும் இன்னும் இழுபறிதான். இப்போதைக்கு என்னிடம் இருக்கிறது.