11,158 அடி ஏறி, லேக் பவலுக்கு ஒரு படகு

டென்வரிலிருந்து யூட்டா மாநிலத்தின் லேக் பவல் ஏரிக்கு, அதாவது புல்ஃப்ராக் படகுத்துறை வரைக்கும், சுமார் 450 மைல். பெரும்பகுதி ஐ-70 நெடுஞ்சாலை. காரில் போனால் ஒரு நாள் ஓட்டம், அவ்வளவுதான். பின்னால் 22 அடி நீளப் படகு வந்தால் அதே சாலை வேறு சாலையாகிவிடும். ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் ஸ்டியரிங்கில் கை வைத்ததும் தெரியும்.

எங்கள் வண்டி ஃபோர்டு எஃப்-150. 3.5 லிட்டர், இரட்டை டர்போ, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், பத்து கியர். படகு, ட்ரெய்லர், சாமான் எல்லாம் சேர்ந்து 6,000 பவுண்டுக்குப் பக்கம். "இவ்வளவு சின்ன இன்ஜின் இழுக்குமா?" என்றுதான் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். இழுக்கும், தாராளமாக இழுக்கும். இழுவையைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. என் கவனமெல்லாம் சூட்டின் மேல்தான். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், டயர், சக்கரத்தின் நடுவில் இருக்கும் பேரிங் என்று இந்தப் பயணம் முழுக்க எங்கோ ஓர் இடத்தில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அது எங்கே ஏறுகிறது, எப்போது தணிகிறது என்று பார்த்துக்கொண்டே போவதுதான் படகு இழுப்பது.

கிளம்புமுன் படகின் பெட்ரோல் டேங்க்கை நிரப்பவே கூடாது என்பது என் கட்சி. ஒரு காலன் பெட்ரோல் சுமார் 6 பவுண்டு. 50 காலன் டேங்க் என்றால் 300 பவுண்டை ராக்கி மலைக்கு மேல் சும்மா தூக்கிக்கொண்டு போகிறோம். ஏரிக்கு அருகில் நிரப்பிக்கொள்ளலாம். ட்ரெய்லரின் மூக்கு ஹிட்ச்சின் மேல், அதாவது வண்டியின் பின்னால் அதை மாட்டும் கொக்கியின் மேல், அழுத்தும் எடையையும் பார்த்துவிட வேண்டும். மொத்த எடையில் பத்து சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. குறைந்தால், வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். குளிர்பெட்டி, நங்கூரம், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் படகின் பின்பக்கம் குவிப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த வாலாட்டம் வருகிறது.

பெட்ரோல் விஷயத்தில் கொலராடோவுக்கு ஒரு தனிக்கதை உண்டு. இங்கே பங்க்கில் 'ரெகுலர்' என்று எழுதியிருப்பது 85 ஆக்டேன். அழுத்தத்தில் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. மற்ற பல மாநிலங்களில் 'ரெகுலர்' 87. மலைப்பகுதியில் காற்று மெலிது, டர்போ இல்லாத பழைய இன்ஜினுக்குள் அழுத்தம் குறைவாகவே இருக்கும், அதனால் 85 போதும் என்று வந்த பழக்கம் இது. டர்போ இன்ஜினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மெலிந்த காற்றையும் அது பிடித்து அழுத்தி உள்ளே தள்ளுகிறது. சுமை இழுக்கும்போது மட்டமான ஆக்டேன் போட்டால் இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ள ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும், சக்தி குறையும், சூடு கூடும். நான் படகு மாட்டியிருக்கும் நாளெல்லாம் 91 தான் போடுகிறேன்.

விடியற்காலையில் கிளம்பினோம். நான், மனைவி, அவள் தம்பி. டென்வரே 5,280 அடி உயரம். ஐடஹோ ஸ்பிரிங்ஸ், ஜார்ஜ்டவுன் தாண்டியதும் ஐசன்ஹவர் சுரங்கத்துக்கான ஏற்றம் நிமிர்கிறது. 1973-இல் திறந்த சுரங்கம். மேற்கு வாசல் 11,158 அடியில் இருக்கிறது. அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் சாலைகளில் இதைவிட உயரமான இடம் கிடையாது.

டர்போவின் அருமை இங்கேதான் தெரிந்தது. சாதாரண இன்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய மூன்று சதவீதம் சக்தியை இழக்கும். சுரங்க வாசலுக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போவில், வெளியே போகிற புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது, அந்தச் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குக் கொடுக்கிறது. காற்று மெலிந்தால் இன்னும் வேகமாகச் சுழன்று ஈடுகட்டிவிடும். வலது ஓரத்தில் கனரக லாரிகள் விளக்கு மினுக்கிக்கொண்டு ஊர்ந்தன. நாங்கள் மணிக்கு 55 மைலில் சிரமமில்லாமல் ஏறினோம். ஆனால் அழுத்தப்பட்ட காற்று சுடும். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு முன்னாலிருந்து காற்று வீச வேண்டும். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மெதுவாக, முழு மிதியில் ஏறும்போது அந்தக் காற்று கிடைக்காது. அதனால் எண்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கியர்பாக்ஸ் எண்ணெய் 220 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கியர் இறக்கி, வேகத்தையும் குறைத்துக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் எண் இறங்கிவிடும்.

சுரங்கத்துக்குள் ஒன்றே முக்கால் மைல் தூரம் பேச்சே இல்லை. வெளியே வந்ததும் சில்வர்தோர்ன் வரை ஒரே இறக்கம். எட்டு மைல் சுமாருக்குள் 2,000 அடிக்கு மேல் இறங்குகிறது. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சாலையோரத்தில் சரளை மேடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைப் பார்க்கும்போதே கால் தானாகத் தளர்கிறது.

ஏற்றத்தில் கைகொடுத்த இன்ஜின் இங்கே அவ்வளவாக உதவாது. 3.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் சுமையைப் பிடித்து நிறுத்தும் அளவு கொஞ்சம்தான். பெரிய டர்போ டீசல் பிக்கப்களில் எக்ஸாஸ்ட் பிரேக் உண்டு, டர்போவே புகையை அடைத்து வண்டியைப் பிடிக்கும். வருஷம் முழுக்க மலையில் பெரிய படகு இழுக்கிறவர்கள் டீசல் வாங்குவது இழுவைக்காக என்பதைவிட இந்த இறக்கத்துக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்களிடம் இருந்தது, சுமை இழுக்கும்போது கியர் மாறுவதை அதற்கேற்ப மாற்றும் 'டோ ஹால்' பட்டனும் பொறுமையும். உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கியரைக் கீழே இறக்கிக்கொண்டேன். இன்ஜின் சத்தம் 4,000 சுற்றுக்கு ஏறியது. "என்னங்க, இப்படிக் கத்துது?" என்று மனைவி கேட்டாள். கத்தட்டும், பிரேக் நாறுவதற்கு அது எவ்வளவோ மேல். வேகம் கூடும்போது ஒரு தடவை அழுத்தமாகப் பிரேக் பிடித்து, பத்து மைல் குறைத்து, முழுசாக விட்டுவிட வேண்டும். லேசாக மிதித்தபடியே இறங்கினால் பிரேக்குக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

படகு ட்ரெய்லரில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவற்றில் இருப்பது சர்ஜ் பிரேக். முன்வண்டி வேகம் குறைக்கும்போது ட்ரெய்லர் முன்னால் முட்டும், அந்த முட்டலே அதன் பிரேக்கை அழுத்தும். நீண்ட இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் ட்ரெய்லர் முட்டிக்கொண்டேதான் இருக்கும். நாம் பிரேக்கைத் தொடாதபோதும் அதன் பிரேக் தேய்ந்து சூடாகும். அதனால் சில்வர்தோர்னில் ஒதுங்கினோம். மைத்துனன் இறங்கி ட்ரெய்லர் சக்கரங்களின் நடுவில் பேரிங் உட்காரும் நான்கு ஹப்பிடமும் கையைக் கொண்டுபோனான். "அத்தான், கையே வைக்க முடியல." இறக்கம் முடிந்த உடனே அப்படித்தான் இருக்கும். நான்கும் ஒரே மாதிரி சூடு என்றால் அது பிரேக்கின் சூடு. ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால்தான் பேரிங்கையோ, ஒட்டிக்கொண்ட பிரேக்கையோ சந்தேகப்பட வேண்டும். அரை மணி நேரம் நின்று, எல்லாம் ஆறிய பிறகு கிளம்பினோம்.

அப்புறம் வெயில் பாஸ். 10,600 அடிக்குக் கொஞ்சம் மேல். மேற்குப் பக்கம் ஏழு சதவீத இறக்கம். அதே பாடம் மறுபடியும்.

கிளென்வுட் கேன்யன் எனக்கு இந்தச் சாலையிலேயே மிகப் பிடித்த பகுதி. ஐ-70-இன் இந்தத் துண்டு 1992-இல்தான் முடிந்தது. செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கொலராடோ ஆறு ஓடுகிறது. ஆற்றையும் பாறையையும் கெடுக்காமல் சாலையைத் தூண்கள் மேல் தூக்கி, ஒரு திசையை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் அடுக்கியிருக்கிறார்கள். வளைவுகளில் 50 மைல்தான் அனுமதி. படகு இழுக்கும் எங்களுக்கு அது பெரிய நிம்மதி, யாரும் பின்னால் வந்து நெருக்குவதில்லை. எந்த ஏரியில் படகை இறக்கப் போகிறோமோ, அதை நிரப்பும் ஆறு பக்கத்திலேயே கூட வருகிறது என்ற நினைப்பு எனக்குச் சொல்லத் தெரியாத சந்தோஷத்தைக் கொடுத்தது.

கிராண்ட் ஜங்ஷன் தாண்டி யூட்டாவுக்குள் நுழைந்ததும் வெட்டவெளி. வேக வரம்பு 80. நாங்கள் 65-ஐத் தாண்டவில்லை. ட்ரெய்லர் டயர்களில் நிறைய வகைகள் 65 மைலுக்கென்றே செய்யப்பட்டவை. வெயிலில் கொதிக்கும் தாரில், காற்று குறைவாக இருக்கும் டயர் வளைந்து வளைந்து உள்ளுக்குள்ளேயே சூடேறி, கடைசியில் தோல் உரிந்து வெடிக்கும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே, பக்கவாட்டில் எழுதியிருக்கும் முழு அழுத்தத்துக்குக் காற்றடித்திருந்தோம்.

கிரீன் ரிவர் தாண்டி 24-ஆம் எண் சாலையில் தெற்கே திரும்பியதும் பக்கவாட்டுக் காற்று. வலப்பக்கம் சான் ரஃபேல் ரீஃப் பாறைச்சுவர் நீண்டுகொண்டே வந்தது. ஹாங்க்ஸ்வில்லில் வண்டிக்கும் படகுக்கும் பெட்ரோல் போட்டோம். படகு இல்லாமல் போகும்போது கிடைக்கும் மைலேஜில் பாதிதான் கிடைத்திருந்தது. டர்போ சக்தியைச் சும்மா தருவதில்லை, அழுத்திய காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை வாங்கிக்கொண்டுதான் தருகிறது.

புல்ஃப்ராக் ராம்ப்பில், அதாவது படகை இறக்கும் சரிவில், போய் நின்றதும் படகைத் தண்ணீரில் இறக்க எல்லோருக்கும் அவசரம். நான் விடவில்லை. சூடான ஹப்பைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸுக்குள் தண்ணீர் போனால் பேரிங் துருப்பிடிக்கும், ஊர் திரும்பும் வழியில் அது தன் வேலையைக் காட்டும். ஹப்புகள் ஆறும் வரை பட்டைகளை அவிழ்ப்பது, விளக்கு வயரைக் கழற்றுவது, வடிகால் அடைப்பானைத் திருகுவது என்று மற்ற வேலைகளைப் பார்த்தோம்.

ஏரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரையே வேண்டும். கிளென் கேன்யன் அணைக்குப் பின்னால், சிவப்புப் பாறை இடுக்குகளுக்குள் நீலமாகத் தண்ணீர். அணை 1963-இல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கியது, ஏரி முழுசாக நிரம்ப 1980 ஆனது. இப்போது மட்டம் வெகுவாகத் தாழ்ந்திருக்கிறது, பாறையில் வெள்ளைக் கோடு உயரத்தில் தெரிகிறது. எந்த ராம்ப் தண்ணீரைத் தொடுகிறது என்று கிளம்புமுன் விசாரிக்காமல் யாரும் இங்கே வரக் கூடாது.

வெளியே எடுக்கும்போது வண்டியை நான்கு சக்கர 'லோ'வில் போட்டேன். ஈரச் சரிவில், குறைந்த சுற்றில், டர்போ விழித்துக்கொள்ள நேரம் பிடிக்கும். லோ கியரில் அதைப் பற்றிய கவலையே வேண்டாம், வண்டி நிதானமாக ஏறிவிடும். மேலே வந்ததும் அடைப்பான்களைக் கழற்றித் தண்ணீரை முழுக்க வடித்துத் துடைத்தோம். இந்த ஏரியில் குவாகா என்ற அந்நிய மட்டி பெருகியிருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீரில் அதன் குஞ்சு வேறு ஏரிக்குப் போய்விடும். சுத்தம் செய்து, வடித்து, காயவைக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை.

திரும்பும் வழியில் சில்வர்தோர்னிலிருந்து சுரங்கம் வரை அதே மலை, இந்த முறை ஏற்றம். ஞாயிறு மதியம் கிழக்கே போகும் ஐ-70-இல் டென்வர் முழுக்க வீடு திரும்பும். நின்று நின்று நகரும் நெரிசலில் இன்டர்கூலருக்குக் காற்றே கிடைக்காது. அதனால் கிராண்ட் ஜங்ஷனில் இரவு தங்கி, திங்கள் அதிகாலையில் கிளம்பினோம். சாலை காலியாக இருந்தது. எண்ணெய்ச் சூடு 205-ஐத் தாண்டவே இல்லை.