பச்சை முக்கோணம்

17 நவம்பர் 2024, ஞாயிறு. ஏற்காடு

எஸ்டேட்டின் கணக்கரான (ரைட்டர்) அப்பாவின் பேரேட்டை மேஸ்திரி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதில் 43 பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அன்றன்று பறித்த காபிப் பழத்தின் எடை, சாக்கின் எடை, கழிவு, கூலி என்று அப்பா கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கு முடிந்தாக வேண்டும். அவரைப் போல மனக்கணக்காகக் கூட்டும் பயிற்சி எனக்கு இல்லை என்பதால், பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு நிரல் எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். சென்ற மாதம் வெளியான அதன் 3.13 பதிப்பையும், நிரல் எழுதவும் இயக்கவும் பிழை பார்க்கவும் உதவும் பைச்சார்ம் என்ற ஐடிஇயையும் சேலத்திலேயே இறக்கி வைத்துக்கொண்டு மலையேறியது நல்லதாயிற்று.

வீட்டில் இருப்பது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. திட்டத்தைத் திறந்தவுடன் ஐடிஇ எல்லாக் கோப்புகளையும் நூலகங்களையும் படித்து அட்டவணை கட்டத் தொடங்கியது. அது முடியும்வரை ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்து திரையில் தோன்றுவதற்குள் அடுத்த எழுத்தைத் தட்டிவிடலாம். மடிக்கணினியின் விசிறி இரைந்துகொண்டே இருந்தது. அப்பாவின் கட்டில் காலியாக இருப்பதால் அந்த இரைச்சல் யாரையும் எழுப்பவில்லை.

18 நவம்பர், திங்கள்

அட்டவணை கட்டி முடித்த பிறகு அதே ஐடிஇ வேறு முகம் காட்டுகிறது. ஒரு செயற்கூறின் (function) பெயர்மேல் கண்ட்ரோல் விசையோடு சொடுக்கினால் அது எழுதப்பட்ட இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. அடைப்புக்குறியை மூட மறந்தால், நிரலை இயக்குவதற்கு முன்பே சிவப்புக் கோடு இட்டுவிடுகிறது.

ஆனால் பைத்தானில் மாறிக்கு (variable) வகை அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காற்புள்ளியால் பிரித்து எழுதிய சிஎஸ்வி கோப்பிலிருந்து வரும் ஒரு வரியில் எடை இருக்கிறதா, பெயர் இருக்கிறதா என்பதை ஐடிஇ ஊகிக்க வழியில்லை. அங்கே மாறியின் பெயருக்குப் பின் புள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தால் எனக்கு வேண்டிய எதுவும் பரிந்துரைப் பட்டியலில் வருவதில்லை. ஒவ்வொரு வரியையும், பெயரும் வகையும் கொண்ட புலங்களாகப் பிரித்துவைக்கும் ஒரு டேட்டாகிளாஸாக மாற்றி, எடை தசம எண், பெயர் எழுத்துச்சரம் என்று வகைக்குறிப்பு எழுதியவுடன் பரிந்துரைகள் வரிசையாக வந்து நின்றன. இது நியாயமான பேரம் என்றே எனக்குப் படுகிறது. நான் தெளிவாகச் சொன்ன அளவுக்குத்தான் அது உதவ முடியும்.

20 நவம்பர், புதன்

இன்று முழுவதும் ‘எடை’ என்ற ஒரே சொல்லோடு போராடினேன். சில இடங்களில் சாக்கோடு சேர்ந்த எடைக்கும் சில இடங்களில் சாக்கு நீங்கிய எடைக்கும் அதே பெயரை வைத்திருந்தேன். அப்பாவின் பேரேட்டில் இந்தக் குழப்பம் இல்லை. அவர் முதலாவதை ‘மொத்தம்’ என்றும் இரண்டாவதை ‘நிகரம்’ என்றும் ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டார். நானும் அப்படியே பெயர் மாற்ற முடிவு செய்து, பைச்சார்மின் பெயர்மாற்று வசதியைப் பயன்படுத்தினேன். நான்கு கோப்புகளில் 31 இடங்கள் ஒரே நொடியில் மாறின. வேறொரு செயற்கூறுக்குள் தற்செயலாக அதே பெயரில் இருந்த மாறியை அது தொடவில்லை. சாதாரண எடிட்டரில் தேடி மாற்றியிருந்தால் அதுவும் சேர்ந்து மாறியிருக்கும். ஒரு ஐடிஇயை நான் மதிப்பதற்கு இந்த ஒரு வேலையே போதும்.

ஆயினும் நிரலை இயக்கியதும் பிழை வந்தது. பைத்தானில் தரவைச் சேர்த்துவைக்கும் அகராதி என்ற அமைப்பின் திறவுச்சொல்லாக மேற்கோள் குறிக்குள் நான் எழுதியிருந்த ‘எடை’ அப்படியே இருந்தது. ஐடிஇக்கு அது மாறியின் பெயர் அன்று, வெறும் எழுத்துச்சரம். சரங்களுக்குள்ளும் தேடும்படி அதே பெட்டியில் கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை.

21 நவம்பர், வியாழன்

இரவு பத்து மணிக்குத் தம்பி பேசினான். அப்பாவுக்குக் குறித்த நாள் வரும் செவ்வாய் இல்லையாம், டிசம்பர் 3 என்கிறார்கள். பைச்சார்மை மூடாமலே உறங்கிவிட்டேன்.

23 நவம்பர், சனி

அப்பா ஏற்கெனவே முடித்து வைத்திருந்த நவம்பர் முதல் வாரக் கணக்கை நிரலில் இட்டுப் பார்த்தேன். மொத்தத் தொகை பைசா பிசகாமல் ஒத்து வந்தது. ஆனால் பட்டியலில் 42 பெயர்கள்தான் இருந்தன. தொகை சரியாக இருக்கும்போது ஓர் ஆள் குறைவது எப்படி என்று அரை மணி நேரம் விளங்கவில்லை.

அச்சிட்டுப் பார்க்கும் வரிகளை ஆங்காங்கே நட்டிருந்தால் நானூறு வரிகள் ஓடி மறைந்திருக்கும். அதற்குப் பதிலாக, கூலி சேர்க்கும் வரியில், நிரலை இடையில் நிறுத்தும் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து, ஒரே நாளில் ஒரே பெயர் இரண்டாம் முறை வந்தால் மட்டும் நிற்க வேண்டும் என்று நிபந்தனை இட்டேன். நின்றது. எல்லா மாறிகளின் மதிப்புகளும் கீழே விரிந்தன, பெயர் லட்சுமி. பேரேட்டில் அப்பா ஒருவருக்கு ‘மா.’ என்றும் மற்றவருக்கு ‘சி.’ என்றும் முதலெழுத்து இட்டிருக்கிறார். தட்டச்சு செய்தபோது நான் அதை விட்டுவிட்டேன். இரண்டு பேருடைய உழைப்பும் ஒரே பெயரில் சேர்ந்திருந்தது. கூலி கொடுக்கும் நேரத்தில் ஒரு லட்சுமி வெறுங்கையோடு நின்றிருப்பார்.

பைத்தானோடு வரும் பிழைத்திருத்தியான பிடிபியிலும் நிபந்தனையோடு நிறுத்தலாம் என்பது எனக்குத் தெரியும். 2018-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து பிரேக்பாயிண்ட் என்ற செயற்கூறை நேரடியாக அழைத்தே நிறுத்தலாம். ஆனால் அங்கே எந்த மாறியைப் பார்க்க வேண்டும் என்பதை நான்தான் யோசித்துக் கேட்க வேண்டும். இன்று நான் கேட்கத் தோன்றாத ஒன்றை ஐடிஇ தானாகவே கண்முன் வைத்தது.

25 நவம்பர், திங்கள்

நான் கீழே போய்விட்டால் இந்தக் கணக்கை மேஸ்திரிதான் ஓட்ட வேண்டும். அவருக்கு ஐடிஇ தேவையில்லை. ஒரு கோப்பை இரண்டு முறை சொடுக்கினால் போதும் என்று இருக்க வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். அங்கே பைத்தான் மட்டும் நிறுவி, கட்டளைச் சாளரத்தில் இயக்கினேன். ஒரு வாரமாகப் பைச்சார்மில் நிரலை இயக்கும் பச்சை முக்கோணத்தை அழுத்தும்போதெல்லாம் தவறாமல் ஓடிய நிரல், அங்கே முதல் வரியைக்கூடத் தாண்டவில்லை.

முதலில், நான் எழுதிய தொகுதியே (மாட்யூல்) காணவில்லை என்றது. பைச்சார்ம் திட்டத்தின் மூலக் கோப்புறையை, என்னைக் கேட்காமல், பைத்தான் தேடும் பாதையில் சேர்த்து வைத்திருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் இயக்கும்போது, இயக்கப்படும் கோப்பு இருக்கும் கோப்புறை மட்டுமே அந்தப் பாதையில் சேர்கிறது. என் தொகுதி பக்கத்துக் கோப்புறையில் இருந்தது. திட்டத்தின் மூலக் கோப்புறையில் நின்று, கட்டளையில் மைனஸ் எம் (-m) சேர்த்து, மாட்யூலாக இயக்கியதும் அது தீர்ந்தது.

பிறகு, எடைப் பதிவுக் கோப்பு இல்லை என்றது. நான் வெறும் கோப்புப் பெயரைத்தான் கொடுத்திருந்தேன். பைச்சார்ம், இயக்கும் நிரல் இருக்கும் கோப்புறையையே வேலை செய்யும் இடமாக வைத்துக்கொள்கிறது. இன்னொரு நிரல் எடிட்டரான விஎஸ் கோடாக இருந்தால் திறந்துவைத்த திட்டத்தின் மேல் கோப்புறை அந்த இடமாக இருந்திருக்கும். இந்த வேறுபாட்டை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

கடைசியாக வந்த பிழைதான் என்னை மிகவும் வருத்தியது. பட்டியலை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டபோது, முதல் பெயரின் முதல் எழுத்திலேயே நிரல் நின்றுவிட்டது. விண்டோஸ் இப்படித் திருப்பிவிடும் வெளியீட்டுக்குப் பழைய மேற்கத்திய எழுத்துக் குறியீட்டை எடுத்துக்கொள்கிறது. அதில் தமிழுக்கு இடமே இல்லை. பைச்சார்மின் சாளரத்தில் ஒரு வாரமாக மாரியம்மாளும் பொன்னுச்சாமியும் அழகாகத் தெரிந்ததற்குக் காரணம், நிரலை இயக்கும் ஒவ்வொரு முறையும் அது தமிழுக்கும் இடம் தரும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு அமைப்பை ஓசையில்லாமல் இட்டுவந்ததுதான்.

இந்த மூன்றும் ஐடிஇயின் பிழைகள் அல்ல. மூன்றும் அது செய்த உதவிகள். செய்ததை எனக்குச் சொல்லவில்லை என்பதே என் மனக்குறை. அப்பா தம் பேரேட்டில், சாக்குக்கு எவ்வளவு கழித்தார் என்பதைக்கூட ஓரத்தில் சிறியதாக எழுதி வைப்பார். பிறகு பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

26 நவம்பர், செவ்வாய்

கோப்புப் பாதைகளைக் கையாளும் பாத்லிப் நூலகத்தைக் கொண்டு, நிரல் தான் இருக்கும் இடத்திலிருந்தே பதிவுக் கோப்பைத் தேடும்படி மாற்றினேன். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும் குறியீடு யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதினேன். பட்டியலைத் திருப்பிவிடாமல் நிரலே நேராக எழுதுகிறது. எக்செல்லில் திறந்தால் தமிழ் சிதையாதிருக்க, கோப்பின் தொடக்கத்தில் அடையாளக்குறி சேர்க்கும், யுடிஎஃப்-8-இன் ‘சிக்’ வகையைக் கொடுத்தேன்.

மேஸ்திரியின் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். எந்த ஐடிஇயில் பைத்தான் கற்றுக்கொள்வது என்று கேட்டான். எஸ்தோனியாவில் தார்து பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலையினருக்காக உருவான தானி (Thonny) என்ற ஐடிஇயைச் சொன்னேன். ஒரு கணக்குக் கோவை (expression) எந்த வரிசையில் கணக்கிடப்படுகிறது என்பதை அது துண்டு துண்டாகக் காட்டும். திட்டம், அமைப்புகள் என்று எதுவும் கேட்காது. மூன்று மாதம் கழித்துப் பெரிய ஐடிஇக்கு வரட்டும்.

27 நவம்பர், புதன்

அம்மாவிடம் பேசினேன். அப்பா கேட்டாராம்: “பாப்பா கணக்கு ஒத்து வந்துச்சா?”

29 நவம்பர், வெள்ளி

ஒத்து வரவில்லை. இரண்டு வாரக் கணக்கையும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் இயக்கியபோது, இந்த வாரத் தொகை எல்லோருக்கும் கூடுதலாக வந்தது. சென்ற வாரப் பறிப்பும் அதில் ஏறியிருந்தது. தனித்தனியாக இயக்கினால் சரியாக இருந்தது. நள்ளிரவுக்கு மேல்தான் கண்டுபிடித்தேன்: ஒரு செயற்கூறின் தலைப்பில் இயல்பு மதிப்பாக வெற்றுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்திருந்தேன். பைத்தான் அந்தப் பட்டியலைச் செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாக்குகிறது. ஒவ்வோர் அழைப்பிலும் புதிதாக உருவாக்குவதில்லை. முதல் வாரம் இட்டது இரண்டாம் வாரத்திலும் அங்கேயே கிடந்தது.

பைச்சார்ம் இதை முதல் நாளே எச்சரித்திருக்கிறது. அந்த வரியில் எச்சரிக்கை இருந்தது, நான் பார்க்கவில்லை. மாறிகளுக்கு நான் கூலி, சாக்கு, கழிவு, நிகரம் என்று தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் வைத்திருந்தேன். அதற்கு அவை எல்லாம் ஆங்கிலத்தில் இல்லாத சொற்கள். ஆகவே ஒவ்வொன்றின் கீழும் எழுத்துப்பிழை என்று பச்சை நெளிகோடு. திரை முழுவதும் அந்த நெளிகோடுகள் நிறைந்து கிடந்ததால், எந்தக் கோட்டையும் பார்க்காமல் கடந்துபோகக் கண் பழகிவிட்டது. காலையில் எழுத்துப்பிழைச் சோதனையை முழுவதுமாக நிறுத்தினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பைத்தான் 3 தமிழ் எழுத்திலேயே மாறிப் பெயர் வைக்க இடம் தருகிறது. அடுத்த முறை அப்படித்தான் வைப்பேன்.

30 நவம்பர், சனி

காலையிலிருந்து மழை. பாதிப் பேர்தான் கூலி வாங்க வந்தார்கள். மீதிப் பேருக்கு நாளை கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். புயல் இன்று இரவு புதுச்சேரிப் பக்கம் கரையேறும் என்கிறார்கள்.

1 டிசம்பர், ஞாயிறு

விடியற்காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. மடிக்கணினியில் 61 சதவீதம் இருந்தது. ஐடிஇயைத் திறந்து கால் மணி நேரத்தில் 48 ஆயிற்று. நான் ஒன்றும் செய்யாதபோதும் அது பின்னணியில் கோப்புகளை ஆராய்ந்துகொண்டே இருக்கிறது. மின்சிக்கன நிலைக்கு மாற்றினேன். அதில் எச்சரிக்கைகளும் பரிந்துரைகளும் நின்றுவிடுகின்றன. பிறகு அது நினைவகத்தை விழுங்கும் ஒரு நோட்பேட் மட்டுமே. அதையும் மூடினேன்.

கட்டளைச் சாளரத்தில் பைத்தானை மட்டும் திறந்தேன். 3.13-இல் இந்த ஊடாட்டத் திரையைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். வண்ணம் காட்டுகிறது, பல வரிகளாக எழுதியதை ஒரே துண்டாகத் திரும்ப அழைத்துத் திருத்த முடிகிறது. மழைநாளுக்குக் கழிவு கூடுதலாகப் பிடிக்கும் அப்பாவின் முறையை அங்கேயே சிறு சிறு துண்டுகளாகச் சோதித்து, நோட்பேடில் ஆறு வரிகள் எழுதினேன். எழுதிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஒரு செயற்கூறின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டு, அதை இயக்கிப் பார்த்தே அறிந்தேன். நான்கு கோப்புகள் என்பதால் தாங்க முடிந்தது. நாற்பது கோப்புகள் கொண்ட நிரலாக இருந்தால் இருட்டில் இப்படித் துணிந்திருக்க மாட்டேன்.

மீதிப் பேரில் ஆறு பேர் குடை பிடித்துக்கொண்டு வந்து வாங்கிப் போனார்கள்.

2 டிசம்பர், திங்கள்

மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. பேருந்து இல்லை. அலைபேசியில் சிக்னல் இல்லை. 19 சதவீதம்.

3 டிசம்பர், செவ்வாய்

காபிப் பழத்தின் தோலை நீக்கும் பல்பருக்கான ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். அந்த நேரத்தில் எஸ்டேட் ஆபீசில் மேஸ்திரியை உட்காரவைத்தேன். நான் கதவருகே நின்றுகொண்டேன், மௌஸைத் தொடவில்லை. அவர் கோப்பை இரண்டு முறை சொடுக்கினார். கறுப்புச் சாளரம் தோன்றி மறைந்தது. எக்செல்லில் பட்டியலைத் திறந்து, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தார். மா. லட்சுமி, சி. லட்சுமி இருவரும் இருந்தார்கள். 43.

“ரைட்டர் கிட்ட சொல்லிடலாம் பாப்பா,” என்றார்.

சிக்னல் ஒரு கோடு வந்திருக்கிறது. தம்பி அழைக்கிறான்.